சைக்கிள் கேரியரில் வந்த தோட்டம்

வேலை முடிந்ததும் அரசு ஊழியர்கள் வீட்டுக்குப் போவார்கள். சண்டிகர் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு காட்டுக்குப் போனார். கேரியரில் அன்றன்று கிடைத்தது கட்டியிருக்கும். ஆற்றுப் படுகையில் பொறுக்கிய கல், உடைந்த வாஷ்பேசின், ஒரு மூட்டை வளையல் துண்டுகள். 1950களின் கடைசியில் தொடங்கிய இந்தப் பழக்கம் சுமார் 18 ஆண்டுகள் நீடித்தது.

புதிய நகரத்துக்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டிருந்தன. ஓடு, பீங்கான், பானை எல்லாம் குப்பையாகக் கிடந்தன. நேக் சந்தும் ஊரை இழந்தவர்தான். 1924இல் அவர் பிறந்த கிராமம் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. 1947இல் குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்தார். அடுத்தவர் வீட்டு இடிபாடு அவர் கண்ணுக்குக் குப்பையாகப் படாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

இலக்கை எழுதிச் சுவரில் ஒட்டு, நாலு பேரிடம் சொல் என்கின்றன சுயமுன்னேற்ற நூல்கள். நேக் சந்த் நாலு பேரிடம் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். அவர் குடிசை போட்டுக் கற்களைச் சேர்த்த இடம் அரசு நிலம், கட்டடமே கூடாது என்று ஒதுக்கப்பட்ட பகுதி. மனைவிக்கும் ஒருசில நண்பர்களுக்கும் மட்டுமே விஷயம் தெரியும். இருட்டிய பிறகு பழைய டயர்களை எரித்து அந்த வெளிச்சத்தில் சிமெண்ட் குழைத்தார்.

முதல் சில ஆண்டுகள் அவர் எதையும் கட்டவே இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. சேர்த்தார், அவ்வளவுதான். ஒரு கல்லில் பறவை தெரியும், இன்னொன்றில் மனித முகம். குவியல் வளர்ந்த பிறகே தோட்டம் என்ற எண்ணம் உருப்பெற்றது. லெ கார்புசியே கோடு போட்டுத் திட்டமிட்ட நகரத்தில், திட்டமே இல்லாமல் ஒருவர் இப்படி வேலை செய்துகொண்டிருந்தார்! இதற்காக அவர் வேலையை விடவில்லை, லீவு எடுத்துக்கொண்டு தவம் இருக்கவுமில்லை. தினமும் போய் வருகிற சாலையிலேயே வேண்டியது கிடைத்தது. சைக்கிள் எப்படியும் ஓடப்போகிறது. சலிப்பு தட்டிய நாட்களிலும் பழக்கம் அறுந்துபோகாமல் இருந்ததற்கு இந்தச் சௌகரியம் பெரிய துணை. மன உறுதி என்று நாம் கொண்டாடுவதில் பாதி, வழியைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது.

1970களின் நடுவில் அதிகாரிகள் புதருக்குள் நுழைந்தபோது ஆயிரக்கணக்கான சிலைகள் வரிசை வரிசையாக நின்றன. சட்டப்படி இடித்திருக்க வேண்டும். பார்த்தவர்களுக்கு மனம் வரவில்லை, ஊரும் அவர் பக்கம் நின்றது. 1976இல் ராக் கார்டன் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நேக் சந்துக்குச் சம்பளத்தோடு அந்த வேலையே உத்தியோகமானது, உதவிக்கு 50 தொழிலாளர்களும் வந்தார்கள். 1984இல் பத்மஸ்ரீ.

அத்தோடு நிம்மதி வந்துவிடவில்லை. 1996இல் அவர் வெளிநாடு போயிருந்த சமயம் பார்த்து யாரோ சிலைகளை உடைத்துப் போட்டார்கள். திரும்பி வந்தவருக்கு அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. உடைந்த பொருளை வைத்துக்கொண்டு வேலை செய்வது அவருக்குப் புதிதல்ல. 2015 ஜூனில் 90 வயதில் காலமானார்.

சைக்கிளுக்கு எப்போதோ ஓய்வு கிடைத்துவிட்டது. தோட்டம் அரசுடையதான பிறகு குப்பையைச் சேர்க்க நகரத்தில் தனி இடங்களே ஒதுக்கப்பட்டன. உடைந்த பீங்கானை மக்களே கொண்டுவந்து போட்டார்கள்.