தெரு முனையில் இறங்கிய மகள்

ஏழாம் வகுப்பிற் பயிலும் என் மகளை நாள்தோறும் ஸ்கூட்டரில் பள்ளிக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். அல்சூர் ஏரிக்கரையில் 2009-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலையைக் கடந்து செல்வோம். கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளி அது. சென்ற ஆனி மாதத்தில் ஒருநாள், "அப்பா, இனித் தெரு முனையிலேயே இறக்கிவிடுங்கள், நான் நடந்து போய்க்கொள்கிறேன்" என்றாள். காரணம் கேட்டேன். தலை குனிந்தவாறு, "வாசலில் நின்று உரக்கத் தமிழில் பேசுகிறீர்கள், வண்டியும் பழையது. எல்லாரும் பார்க்கிறார்கள்" என்றாள்.

அன்று அலுவலகத்தில் ஒரு கணக்கும் எனக்கு நேராகவில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் படிக்கவைத்ததற்கு இதுவா பயன் என்று மனம் குமைந்தது.

அந்நாட்களில் நண்பரொருவர் சொல்லக் கேட்டு, 'லேடி பேர்ட்' என்னும் ஆங்கிலப் படத்தை நானும் என் மனைவியும் பார்த்தோம். சிறுவர்க்கு ஏலாத காட்சிகள் சில உண்டு. ஆதலின் மகளை உடன் வைத்துக்கொள்ளவில்லை. 2017-இல் வெளிவந்து, ஐந்து ஆஸ்கார் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பெற்ற படம் இது. இயக்கிய கிரேட்டா கெர்விக் அம்மையார், கலிபோர்னியா மாநிலத்துச் சாக்ரமென்டோ நகரிற் பிறந்து, அங்கே கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியிற் பயின்றவர். கதையும் அந்நகரிலேயே, 2002-இல் தொடங்குகிறது.

கிறிஸ்டின், கத்தோலிக்கப் பள்ளியின் இறுதி வகுப்பு மாணவி. தாய் செவிலி, தந்தையோ வேலை இழக்கிறார். பெற்றோர் இட்ட பெயரை விடுத்து, 'லேடி பேர்ட்' என்று தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொள்கிறாள் அப்பெண். தண்டவாளத்துக்கு அப்பாலுள்ள தன் வீட்டை எண்ணி நாணுகிறாள். பிறர் மாளிகையைத் தன் வீடென்று தோழியிடம் பொய் சொல்கிறாள். பள்ளிக்கு ஒரு தெரு முன்னதாகவே தன்னை இறக்கிவிடுமாறு தந்தையைக் கேட்கிறாள்!

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கோ என் தந்தையார் நினைவு வந்தது.

அவர் ஜோலார்ப்பேட்டையில் தண்டவாளம் காக்கும் கேங்மேன். நான் எட்டாம் வகுப்பிற் படிக்கையில், மறந்துவைத்த சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு, வேலை உடையிலேயே பள்ளிக்கு வந்தார். "யாரடா இவர்?" என்றான் உடன் பயில்வோன். "எங்கள் ஊர்க்காரர்" என்றேன். அது அவர் செவியில் விழுந்தது. ஒன்றும் பேசாமல் தூக்கைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சென்றார். பிற்காலத்தில் அவர் பணியிலிருக்கும்போதே மறைந்தார். பத்தாம் வகுப்பு தேறிய எனக்குக் கருணை அடிப்படையில் கிடைத்ததே இந்த எழுத்தர் வேலை. மன்னிப்புக் கேட்க அவர் இல்லை.

படத்தில், அத்தந்தை மகளைக் கடிந்துகொள்வதில்லை. அவள் வெளியூர்க் கல்லூரி சேர்வதற்கான பணவுதவி விண்ணப்பங்களை அமைதியாக நிரப்பித் தருகிறார். முடிவில் நியூயார்க்கிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்கும் அவள், பெற்றோர் இட்ட பெயரையே சொல்லித் தாய்க்கு நன்றி கூறுகிறாள்.

அன்றிரவு என் மகளிடம் அவள் தாத்தாவின் கதையைச் சொன்னேன். நான் செய்ததையும் மறைக்கவில்லை. அவள் நெடுநேரம் பேசவில்லை. மறுநாளும் தெரு முனையில்தான் இறங்கினாள். நானும் முகம் கோணாமல் வண்டியை நிறுத்தினேன்.

ஊர்விட்டு வந்து வாழும் பெற்றோர்களே, நம் பிள்ளைகள் சிறிது காலம் நம்மை மறைக்கத்தான் செய்வார்கள். சினம் வேண்டா. நம் கதையை மட்டும் அவர்களிடம் சொல்லி வைப்போம். திரும்பி வரும் நாளில் அவர்களுக்கு வழி தெரிய வேண்டுமல்லவா?