நடுமுதுகில் கை வைக்குமுன்

நாரி நோ என்றால் எங்கள் ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கடலுக்குப் போகிறவர்களும் கரைவலை இழுக்கிறவர்களும் நிறைந்த திருகோணமலைச் சல்லியில் நாரி நோகாத வீடு இல்லை. நடுமுதுகு நோவுக்கு அந்த மரியாதை கிடையாது. இரண்டு தோட்பட்டைகளுக்கும் நடுவில், கை எட்டாத இடத்தில் வரும் அந்த உழைவை வாயு என்பார்கள், பிடிப்பு என்பார்கள், சித்தாலேப பூசிவிட்டுப் படு என்பார்கள். நானும் பூசினேன். பூச எட்டாததால் பேத்தியைக் கூப்பிட்டுப் பூசுவித்தேன்.

எனக்கு அந்த நோ வலை பொத்தும்போதுதான் தொடங்கியது. ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபின் அண்ணாவின் வலைகளைப் பொத்திக் கொடுப்பதை ஒரு பொழுதாக்கிக்கொண்டேன். சின்ன வயதில் அப்பா பழக்கிய வேலை அது. மணலில் காலை நீட்டி இருந்து, வலையின் ஓரத்தைக் கால் பெருவிரலில் கொளுவி இழுத்து, அறுந்த கண்ணை ஊசியால் எடுத்து முடிச்சுப் போட வேண்டும். தங்கூசி நூல் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. தெரியவேண்டுமென்றால் தலை குனியும். தலை குனிந்தால் தோள் முன்னுக்கு வரும். தோள் முன்னுக்கு வந்தால் முதுகின் நடுப்பகுதி வில்லாக வளையும். கிழிசல் முடியும்வரை அந்த வளைவு நிமிராது. எழும்பும்போது மூச்சை ஆழ இழுத்தால் முள்ளந்தண்டுக்கு இடப்பக்கம் ஊசி குத்துவதுபோல் ஒரு பிடி.

அந்தப் பிடியைவிட என்னை அலைக்கழித்தது வேறொன்று. என் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் கூன் விழுந்திருந்தது. நெடிய மனுசி, சல்லி முத்துமாரியம்மன் கோயில் பொங்கலுக்கு வருகிற சனத்துக்குள்ளும் அவருடைய தலை தனியாகத் தெரியும். பிறகு வருசத்துக்கு வருசம் குறுகி, நிலத்தைப் பார்த்தபடிதான் நடந்தார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வயது போனால் அப்படித்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். என் முதுகு பிடித்த முதல் நாளே கண்ணாடிக்கு முன் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். அம்மாவின் முதுகு எனக்குள்ளும் இருக்கிறது, நேரம் வரும்வரை காத்திருக்கிறது என்ற பயத்தை என் பிள்ளைகளுக்குக்கூட நான் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

மகளின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாகக் கனடாவுக்குப் போனபோது நோவும் கூடவே வந்தது. குழந்தையைத் தூக்கி, குனிந்து குளிப்பாட்டி, இரவில் தோளில் போட்டு நடந்ததில் அது முற்றியது. மகள் இருப்பது ஸ்காபரோவில். அங்கே தமிழ்ப் பத்திரிகையைத் திறந்தால், முள்ளந்தண்டைக் கையால் அமுக்கிச் சிகிச்சை செய்யும் கைரோபிராக்டரின் விளம்பரம் இல்லாத பக்கம் அருமை. ஒன்டாரியோவில் அது சட்டப்படி ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில். 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவர்தான் செய்யலாம். ஆனால் 2004 டிசம்பரோடு மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி அதற்குக் காசு கொடுப்பதை நிறுத்திவிட்டது. என்னைப்போல் வந்து போகிறவர்களுக்கு அந்த அரச காப்புறுதியே இல்லை. மகளின் காசில் போவதற்கு எனக்கு விருப்பமே இல்லை.

“அம்மா, ஒருக்கா வந்து காட்டுங்கோ. சரிவராட்டி விடுவம்” என்றாள்.

போகுமுன் மருமகன் கைப்பேசியில் காணொளிகள் காட்டினார். ஆளைக் குப்புறப் படுக்க வைத்து முதுகில் அமுக்குகிறார்கள், படக்கென்று சத்தம், நோயாளி எழும்பிச் சிரிக்கிறார். எனக்கு அடிவயிறு கலங்கியது.

கைரோபிராக்டரின் அறையில் நடந்தது வேறு. வைத்தியர் தமிழ்ப் பிள்ளை, என் மகளின் வயதுதான் இருக்கும். நெடுநேரம் அவர் என்மேல் கை வைக்கவில்லை. கேள்விதான் கேட்டார். இரவில் படுத்தாலும் நோகிறதா, எப்படிப் புரண்டாலும் குறையாமல் நிற்கிறதா? காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாத மெலிவு உண்டா? புற்றுநோய் ஏதும் வந்ததா? விழுந்தீர்களா? காலில் விறைப்போ பலவீனமோ இருக்கிறதா, சலம் போவதில் சிக்கல் உண்டா? சாப்பாட்டுக்குப் பிறகு வலத் தோட்பட்டையின் கீழ் நோகிறதா? மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுகுகிறதா? ஸ்டீரொயிட் குளிசை பாவித்தீர்களா? மாதவிடாய் எந்த வயதில் நின்றது? கடைசியாக, “உங்கட உயரம் குறைஞ்சிருக்கோ, அம்மா? வீட்டில ஆருக்கும் கூன் இருந்ததோ?” என்றார்.

ஒரு முதுகு நோவுக்கு இத்தனை கேள்வியா என்று நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருப்பதைப் பிறகு விளங்கிக்கொண்டேன். நாரியைவிட நடுமுதுகில் வேறு நோய்கள் ஒளிந்திருக்க வாய்ப்புக் கூட. பித்தப்பைக் கல்லின் நோ தோட்பட்டைக்குக் கீழே தெரியும். மாரடைப்பு, பெருநாடிக் கிழிவு ஆகியவற்றின் நோவும் அங்கே வரலாம். முள்ளந்தண்டைப் பிடிக்கும் காசநோய் அதிகம் தேடிப்போகும் இடங்களில் ஒன்று அதுதான். பெர்சிவல் பொட் என்ற லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் 1779இலேயே அதை விவரித்திருக்கிறார். புற்றுநோய் எலும்புக்குப் பரவும்போதும் அங்கே தங்கலாம். எலும்பு மெலிந்தவர்களுக்கு முள்ளென்புகள் ஒரு தும்மலிலேயே நசுங்கக்கூடிய பகுதியும் அதுதான். இவற்றில் எதையும் கையால் அமுக்கி மாற்ற முடியாது. சிலவற்றில் அமுக்கினால் ஆபத்து.

அம்மாவின் கூனைச் சொன்னதும் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். எக்ஸ்ரே எடுக்காமல் தொடமாட்டேன் என்றார்.

இந்த வைத்தியம் பிறந்த கதை எக்ஸ்ரேக்காகக் காத்திருந்த நாட்களில் படித்தது. 1895இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் டேனியல் டேவிட் பாமர் என்பவர், காது கேளாத ஹார்வி லிலார்ட் என்ற கட்டடத் துப்புரவாளரின் முதுகில் புடைத்திருந்த ஒரு முள்ளென்பை அமுக்கினாராம், காது கேட்டதாம். அதிலிருந்து, நோய்களில் 95 வீதம் முள்ளென்பு இடம் விலகுவதால் வருகிறது என்று அவர் எழுதிவிட்டார். இன்றைய அறிவியல் அதை ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை. முதுகை அமுக்கிச் சலரோகத்தையும் ஆஸ்துமாவையும் மாற்றுவேன் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிட வேண்டும்.

நல்ல காலம், என்னைப் பார்த்தவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்து விளக்கினார். கழுத்தில் 7 முள்ளென்புகள், நாரியில் 5, நடுவில் 12. நடுவில் உள்ள ஒவ்வொன்றிலும் ஒரு சோடி விலா என்பு வந்து பொருந்துகிறது. அதனால் அங்கே மூட்டுகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. நாங்கள் விடுகிற ஒவ்வொரு மூச்சுக்கும் அவை கொஞ்சம் அசைய வேண்டும். மணிக்கணக்காகக் கூனி இருந்தால் மூட்டு இறுகும், பக்கத்துத் தசை அதைக் காக்கப் பிடித்துக்கொள்ளும், மூச்சு இழுத்தால் குத்தும். எதுவும் இடம் விலகியிருக்கவில்லை. தன் வேலையைச் செய்ய இடம் கிடைக்காத மூட்டுத்தான். படக்கென்ற அந்தச் சத்தமும் எலும்பு இடத்தில் போய் விழுகிற சத்தமல்ல. மூட்டுத் திரவத்துக்குள் வாயுக் குமிழி உண்டாகிற சத்தம்; கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015இல் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ.யில் படம் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். சத்தம் வந்தால்தான் குணம் என்றும் இல்லை.

என் முள்ளென்புகளில் நசுங்கல் இல்லை. ஆனால் எலும்பு எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதைச் சாதாரண எக்ஸ்ரேயால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் வேகமாகத் தள்ளுகிற முறையை எனக்குச் செய்யப்போவதில்லை என்றார். குப்புறப் படுக்கவைத்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக அமுக்கி விட்டார், என் மூச்சு வெளியே போகிற நேரம் பார்த்து. பிடித்திருந்த இடத்துக்குக் கை வந்ததும் எனக்கே தெரிந்தது. சத்தம் ஒன்றும் வரவில்லை. எழும்பி மூச்சை இழுத்தேன். குத்து முழுக்கப் போகவில்லை, ஆனால் விலா விரிந்தது. கண்ணீர் வந்துவிட்டது. நோ குறைந்ததற்காக மட்டும் வந்த கண்ணீர் அல்ல. அம்மாவின் கூனைப் பற்றி ஒரு வைத்தியர் கேட்ட முதல் தடவை அது.

அந்தச் சுகம் சில நாளில் தேய்ந்தது. தேயும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். கையால் செய்வது கொஞ்ச நாளைக்கு வழி விடும், அதற்குள் நீங்கள் முதுகை அசைக்கப் பழகவேண்டும் என்பது அவருடைய பேச்சு. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டலும் நாட்பட்ட நாரி நோவுக்கு விளக்கம், உடற்பயிற்சி ஆகியவற்றோடு சேர்த்துத்தான் முள்ளந்தண்டுக் கைச்சிகிச்சையையும் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டியை வேண்டாம் என்கிறது. அது நாரிக்குச் சொன்னது. நடுமுதுகுக்கு ஆய்வுகள் மிகக் குறைவு. நாரிக்குக் கிடைத்த சான்றைத் தூக்கி அப்படியே மேலே வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எனக்குச் சுகம் தந்தது என்பது என் அனுபவம் மட்டுமே.

ஊருக்குத் திரும்பிய பிறகு கொழும்பில் எலும்பு அடர்த்திச் சோதனை செய்தேன். கணக்கு மறை 1க்கும் மறை 2.5க்கும் இடையில் வந்தது. மெலிவு தொடங்கியிருக்கிறது, நோயாக முற்றவில்லை. பயந்த விசயம் பாதி உண்மைதான். ஆனால் இலக்கமாகக் கையில் வந்தபோது பயம் குறைந்தது. செய்ய வேலை இருந்தது. மேயோ கிளினிக்கைச் சேர்ந்தவர்கள் 1984இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எலும்பு மெலிந்த பெண்களில் முன்னுக்குக் குனிகிற பயிற்சி செய்தவர்களுக்கு, பின்னுக்கு நிமிர்கிற பயிற்சி செய்தவர்களைவிடப் புதிய நசுங்கல்கள் மிக அதிகமாக வந்தன. அதை அறிந்த அன்றே வலையைக் காலில் கொளுவுவதை விட்டேன். வேப்பமரக் கொப்பில் ஒரு கயிறு கட்டி, வலையை நெஞ்சு உயரத்தில் தொங்கவிட்டு, கதிரையில் இருந்து பொத்துகிறேன். சில முடிச்சுகளுக்கு ஒருதரம் கைகளைப் பிடரியில் கோத்து, கதிரைச் சாய்வின் விளிம்பில் முதுகைச் சாய்த்து, விலா விரிய மூச்செடுப்பேன். சுவரில் முதுகை வைத்துக் கைகளை மேலே வழுக்கிக் கொண்டுபோவேன். அண்ணா முதலில் ஒருமாதிரிப் பார்த்தார். இப்போது அவருடைய கதிரையும் அந்த மரத்தடியில்தான் கிடக்கிறது.

சல்லியில் கைரோபிராக்டர் இல்லை. அதனால் நாங்கள் ஒன்றும் அநாதைகள் இல்லை. திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் இயன்மருத்துவம் காசில்லாமல் கிடைக்கிறது. பக்கத்தில் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறார்கள். சித்த மருத்துவத்தின் தொக்கணத்தில் தட்டல், அழுத்தல், அசைத்தல், இழுத்தல் என்று ஒன்பது வகை உண்டு. கையால் தசையையும் மூட்டையும் இளக்குகிற அறிவு எங்களிடம் பாமருக்கு எவ்வளவோ முன்பே இருந்தது. எனக்குக் கோபம் வருவது சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தைத் திருகிப் படக்கென்று முறிக்கிற பழக்கத்தில். கழுத்துக்குள்ளால் மூளைக்கு இரத்தக் குழாய்கள் போகின்றன. அவை கிழிந்தால் பக்கவாதம் வரும். அரிதுதான், ஆனால் கேள்வி ஒன்றும் கேட்காமல் திருகுகிறவரின் கையில் அந்த அரிது என் பிள்ளைக்கு நடக்கவேண்டாம்.

போன மாரிக்கு முன், எங்கள் ஒழுங்கையில் இருக்கிற அக்கா ஒருவர் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தார். மீன் கூடையைத் தூக்கும்போது நடுமுதுகில் ஏதோ வெட்டியதாம். உருவி எடுக்கிற ஒருவரிடம் போகப்போவதாகவும், உன் முதுகைக் கனடாவில் என்ன செய்தார்கள் என்று சொல் என்றும் கேட்டார். கனடாவில் அந்த வைத்தியப் பிள்ளை என்னிடம் கேட்டவற்றை நான் அக்காவிடம் கேட்டேன். காய்ச்சல் இல்லை, மெலியவில்லை, விழவில்லை. குளிசைகளைக் கொண்டுவரச் சொன்னேன். இழுப்புக்கு வருசக் கணக்காக விட்டு விட்டு எடுத்த பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை அவர் கொண்டுவந்த பைக்குள் இருந்தது.

“அக்கா, முதல்ல படம் எடுப்பம். அதுக்குப் பிறகு ஆரிட்டயும் போகலாம்” என்றேன்.

அவருக்கு மனமில்லை. பஸ்ஸில் நானும் கூடப் போனேன். படத்தில் ஒரு முள்ளென்பு முன்பக்கம் நசுங்கி ஆப்புப்போல் இருந்தது. உருவுகிறவரிடம் போவதை அக்கா விட்டுவிட்டார். இப்போது எலும்புக்கு மருந்து எடுக்கிறார், மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு நாங்கள் இரண்டு பேருமாகப் போகிறோம்.