78 சீட்டும் ஒரு சொதப்பலும்!

ஹாஸ்டல்ல எனக்கு ‘கிளி ஜோசியம்’னு பட்டப்பேர். காரணம், தினமும் காலையில பல் தேய்க்கிறதுக்கு முன்னாடியே ஒரு டாரட் சீட்டு எடுத்து, அதைப் பத்தி நாலு வரி நோட்டுல எழுதிடுவேன்.

முதல்ல வாங்கினது 1909-ல் வந்த ரைடர்-வெயிட் கட்டு. மொத்தம் 78 சீட்டு. வரைஞ்சவங்க பமீலா கோல்மன் ஸ்மித். அதுல ‘மூணு வாள்’னா, மூணு வாள் குத்தின இதயம்! பார்த்ததுமே கதை சொல்லிடலாம். அடுத்து வாங்கின மார்செய் கட்டுல அதே சீட்டு, வெறும் மூணு வாள்தான். கதையை நாமதான் தேடணும். ஆரக்கிள் கட்டுக்கோ எத்தனை சீட்டுங்கிற கணக்கே கிடையாது!

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முந்தின ராத்திரி, ‘எனக்கு ஒண்ணு எடுடி’ன்னா ரூம்மேட். வந்தது ‘டவர்’. இடி விழுந்து, கோபுரத்துலேர்ந்து ஆளுங்க தலைகீழா விழற படம். ‘ஏதோ இடியப் போகுது’ன்னு பந்தாவா சொல்லிட்டேன். காலையில பார்த்தா, போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டு ‘நான் போகலை’ங்கறா!

பகீர்னு ஆச்சு. ஓடிப்போய் என் நோட்டைக் காட்டினேன். ஒரு வருஷத்துல எனக்கு நாலு தடவை டவர் வந்திருக்கு. ஒருநாள் பஸ்ஸை விட்டேன். ஒருநாள் அம்மாகிட்டேர்ந்து முறுக்கு வந்துச்சு. மத்த ரெண்டு நாள் ஒண்ணுமே நடக்கலை. சிரிச்சுட்டுக் கிளம்பினா.

வேலை கிடைக்கலை. ‘கவுத்தது டவர் இல்லடி, டேட்டா ஸ்ட்ரக்சர்’னா!

இப்பவும் தினம் ஒரு சீட்டு உண்டு. ஆனா, யாருக்கும் நாளைக்கு நடக்கப்போறதைச் சொல்றதில்லை. ‘இந்தப் படத்தைப் பார்த்தா உனக்கு என்ன தோணுது?’ன்னு கேட்கறதோட சரி!