கை என்னும் சொல்

வடமராட்சியில், நெல்லியடிச் சந்தியிலிருந்து அதிக தொலைவில்லாத ஓர் ஒழுங்கையில் அவர்களுடைய வீடு இருக்கிறது. அவ்வீட்டிலே கொரிய நாட்டைப் பற்றிப் பேசுவோர் இருவர். மூத்தவனுக்கு அது தொழில் தரும் நாடு. இளையவளுக்கு நாடகமும் பாட்டும் தரும் நாடு. ஒரே திண்ணையிலிருந்து பேசியபோதும் அண்ணனும் தங்கையும் இரு வேறு நாடுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தனர் எனலாம்.

தங்கைக்கு அந்நாடு அறிமுகமான கதை இக்கால இளையோர் பலருக்கும் பொதுவானது. அரண்மனைச் சமையற்கூடத்திலிருந்து அரச மருத்துவராக உயர்ந்த பெண்ணொருத்தியின் கதையைக் கூறும் கொரியத் தொடரொன்று 2012 ஆம் ஆண்டளவில் சிங்களக் குரலில் ரூபவாகினியில் ஒளிபரப்பாகித் தென்னிலங்கை வீடுகளைத் தன்வயப்படுத்தியது. மறு ஆண்டிலே தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்ற புதுயுகம் தொலைக்காட்சி, கொரிய நாடகங்களைத் தமிழ்க் குரலில் வழங்கலாயிற்று. கேபிள் இணைப்புள்ள குடாநாட்டு வீடுகளுக்குள்ளும் அவை நுழைந்தன. அப்போது ஒன்பது பத்து வயதினளாயிருந்த அவள், பாடசாலை விட்டு வந்ததும் சீருடை களையாமலே தொலைக்காட்சியின் முன் அமர்ந்துவிடுவாள். பின்னர் கைத்தொலைபேசி வந்தது, அதனூடாகப் பி.ரி.எஸ். என்னும் எழுவர் குழுவின் பாடல்கள் வந்தன. உயர்தர வகுப்புக் குறிப்பேட்டின் பின்னட்டையில் அவ்வெழுவரின் பெயர்களும் வரிசையாக எழுதப்பெற்றன.

தந்தையாருக்கு இது பிடிக்கவில்லை. "படிக்கிற பிள்ளைக்கு இதென்ன விசர் வேலை?" என்று அவர் சினப்பதுண்டு. அத்தகைய வேளைகளில் அவளுக்குத் துணையாக வாய் திறப்பவர் அப்பாச்சி ஒருவரே.

"மோனை, கொப்பர் எம்.ஜி.ஆர். படம் பாக்க வள்ளமேறிப் போனவர். அவளைப் பேசாதை."

அது வெறும் வேடிக்கைப் பேச்சன்று. யாழ்ப்பாண நகரிலே வின்சர், வெலிங்டன், மனோகரா, ராணி எனத் திரையரங்குகள் பலவிருந்த காலத்திலும், புதுப்படம் இங்கு வந்து சேரும்வரை பொறுக்கமாட்டாத வடமராட்சிக் கரையோரத்தார் சிலர், வள்ளமேறித் தமிழ்நாட்டுக் கரைக்குச் சென்று படம் பார்த்து மீண்ட கதைகள் இன்றும் அப்பகுதியில் வழங்குகின்றன. கடலுக்கப்பாலுள்ள கலைஞரிடத்து மனத்தைப் பறிகொடுத்தல் அவ்வூருக்குப் புதிய பழக்கமன்று.

அண்ணனுடைய கொரியா வேறு. 2004 ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு அரசு, இலங்கை உள்ளிட்ட நாடுகளுடன் உடன்படிக்கை செய்து, மொழித் தேர்வில் தேறியவர்களைத் தொழிலாளராக ஏற்று வருகிறது. உற்பத்தித் தொழில், கட்டட வேலை, மீன்பிடி, விவசாயம் முதலியவற்றுக்கு அவர்கள் எடுக்கப்படுகின்றனர். அண்ணன் அத்தேர்வுக்காக ஓராண்டு இராப்பகலாகப் படித்தான். சம்பளம், மேலதிக வேலை, விடுமுறை, ஆபத்து முதலியவற்றுக்கான சொற்களை அவன் உருப்போட்டான். அவளோ காதல், நினைவு, நிலா, மழை முதலியவற்றுக்கான சொற்களை எவரும் கற்பிக்காமலே அறிந்திருந்தாள். அவனுடைய பாடநூலை எடுத்துப் புரட்டிவிட்டு, "இதில ஒரு நல்ல சொல்லும் இல்லை" என்று ஒருநாள் மூடி வைத்தாள். 2023 இல் அவன் புறப்பட்டுச் சென்று உலோகப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையொன்றில் வேலைக்கமர்ந்தான்.

அடுத்த ஆண்டு அப்பாச்சியின் கண்ணிற்குச் சென்னையில் சத்திரசிகிச்சை செய்விப்பதென முடிவாயிற்று. துணைக்குப் பேத்தி சென்றாள். பலாலியிலிருந்து சென்னைக்கு வானூர்திச் சேவை 2019 இல் தொடங்கி, இடையில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பமாகியிருந்தது. ஆகவே, கொழும்புக்கு இரவு முழுவதும் பஸ்ஸிலிருந்து போகவேண்டிய தொல்லை இருக்கவில்லை. சிகிச்சை முடிந்து, கண்கட்டு அவிழ்த்து, மருத்துவர் ஓய்வுக்கெனச் சொன்ன நாள்களில் ஒன்றிலே, அப்பாச்சியை உறவினர் வீட்டில் இருத்திவிட்டு, அவள் நெடுநாள் எண்ணியிருந்த இடத்துக்குச் சென்றாள்.

இராசா அண்ணாமலைபுரத்திலுள்ள இன்கோ மையமே அவ்விடம். இந்திய, கொரிய நிறுவனங்களின் ஆதரவுடன் 2006 இல் நிறுவப்பெற்ற பண்பாட்டு நிலையம் அது. வாயிலில் நின்று அவள் சற்றே தயங்கினாள். கட்டணம் கேட்பார்களோ, யாரென்று விசாரிப்பார்களோ என்னும் அச்சம். எவரும் எதுவும் கேட்கவில்லை. உள்ளே சென்று காட்சிக்கு வைத்திருந்த படங்களைப் பார்க்கலாயினாள். தன் மனங்கவர்ந்த எழுவரின் படம் எங்கேனும் இருக்குமென்று அவள் கண்கள் தேடின. அஃது அங்கிருக்கவில்லை. அவளை நிறுத்தி வைத்தது வேறொன்று: கொரிய எழுத்துகள் தோன்றிய வரலாறு.

அவ்வெழுத்துகளை ஆக்குவித்தவர் செயோங் என்னும் அரசர். 1443 இல் ஆக்கப்பெற்று, 1446 இல் நாட்டு மக்களுக்கு வெளியிடப்பெற்றவை அவை. தொடக்கத்தில் 28 எழுத்துகள். இன்று வழக்கிலுள்ள அடிப்படை எழுத்துகள் 24. அடிப்படை மெய்யெழுத்துகளின் வடிவம், அவ்வொலி பிறக்கும்போது வாயினுள் உறுப்புகள் கொள்ளும் நிலையைக் காட்டுவதாக அமைந்தது. ககர ஒலிக்குரிய எழுத்து, நாவின் அடிப்பகுதி மேலெழுந்து அண்ணத்தைத் தொடும் நிலை. மகரத்துக்குரியது வாயின் வடிவம். இதனைக் கண்டதும் அவளுக்குப் பாடசாலையில் மனனஞ் செய்த தொல்காப்பியப் பிறப்பியல் நினைவுக்கு வந்தது. ககரம் முதல்நாவும் அண்ணமும் பொருந்தப் பிறக்குமென்றும், மகரம் இதழ் இயையப் பிறக்குமென்றும் அந்நூல் கூறுகின்றதன்றோ? தேர்வுக்காக வெறுப்போடு படித்த பாடமொன்று, கடல் கடந்து வந்த இடத்திலே உயிர்பெற்று எதிரே நின்றது.

பிறிதொரு செய்தியும் அவளைத் தொட்டது. அரசர் வகுத்த எழுத்தைக் கற்றோர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்கள் சீன எழுத்திலேயே தொடர்ந்து எழுதினர். புதிய எழுத்து பெண்களுக்கும் எளியோருக்கும் உரியதென இகழப்பட்டது. எனினும், பெண்கள் அதிலே கடிதம் எழுதினர், கதை படித்தனர், பொழுதுபோக்குக் கதைகளை அதிலே படியெடுத்துக் கைமாற்றினர். பின்னர், 1910 முதல் 1945 வரை நீடித்த யப்பானிய ஆட்சியின் இறுதியாண்டுகளிற் கொரிய மொழி பாடசாலைகளிலிருந்து அகற்றப்பட்டபோதும் அது மாண்டுவிடவில்லை. கற்றறிந்தோர் இகழ்ந்த எழுத்தைக் கதை விரும்பிய பெண்கள் காத்து வைத்திருந்தனர் என்னும் எண்ணம், குறிப்பேட்டின் பின்னட்டைக்காகப் பலமுறை ஏச்சு வாங்கிய அவளுக்கு ஆறுதலளித்தது.

அங்கிருந்த ஆசிரியை ஒருவர் அவளருகே வந்தார். பேச்சைக் கேட்டதும், "நீங்க யாழ்ப்பாணமாம்மா?" என்று வினவினார். கொரியத்தில் தாயை அழைக்கும் சொல் அம்மா என்பதை ஒத்திருத்தலையும், அப்பா என்பது அவ்வாறே வழங்குதலையும், புல்லுக்குப் புல் என்றும் நாளுக்கு நல் என்றும் அம்மொழியிற் சொற்கள் இருத்தலையும் பற்றி இருவரும் பேசி மகிழ்ந்தனர். ஓமர் ஹல்பேட் என்னும் அமெரிக்கர் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905 இலேயே நூலெழுதினார். இன்றைய மொழியியலாளர் அவ்வுறவை ஏற்பதில்லை. சொற்கள் சில ஒத்திருப்பதனால் மொழிகள் உறவாகிவிடா என்பதே அவர்தம் முடிபு. ஆயினும், அந்நியமென எண்ணிய வீட்டில் அறிந்த பெயரொன்றைக் கேட்கும் மகிழ்ச்சிக்கு எவர் தடை கூறவியலும்?

"பெரும்பாலும் இரண்டு வகையா வர்றாங்க. பாட்டு, நாடகம் புடிச்சுப் படிக்க வர்ற பொண்ணுங்க. கம்பெனி வேலைக்காகப் படிக்க வர்றவங்க. நீங்க எந்த வகை?" என்று ஆசிரியை கேட்டார். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலே ஹியுண்டாய் நிறுவனம் 1998 முதல் கார்களை உற்பத்தி செய்து வருவதையும், அதனைச் சூழ்ந்து கொரிய நிறுவனங்கள் பல வந்ததையும், அவற்றோடு கொரியக் குடும்பங்களும் உணவகங்களும் நகருக்குள் வந்ததையும் அவர் எடுத்துரைத்தார்.

"பாட்டுக்காகத்தான்" என்றாள் அவள். தமையன் அந்நாட்டுத் தொழிற்சாலையில் இருப்பதைக் கூற அவளுக்கு அப்போது தோன்றவேயில்லை.

ஊர் திரும்பியபின் எழுத்துப் பயிற்சியை அவள் முறையாகத் தொடங்கினாள். கிழமையில் இரு நாள் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குச் சென்று அமர்வாள். இந்திய அரசின் கொடையாக எழுந்து, 2023 பெப்ரவரியில் திறந்து வைக்கப்பெற்று, இன்று திருவள்ளுவர் பெயர் தாங்கி நிற்கும் 11 மாடிப் பண்பாட்டு மையம் அருகே உயர்ந்து தெரியும். அதன் நிழல் பக்கத்திலே, மெய்யையும் உயிரையும் ஒரு கட்டத்துக்குள் அடுக்கிச் சொல்லாக்கும் வித்தையை அவள் பழகினாள். முதலில் எழுதப் பழகிய சொற்களுள் ஒன்று 'சொன்' என்பது. கை என்பது அதன் பொருள். நாடகங்களிலே தலைவன் தலைவியின் கையைப் பற்றும் காட்சிகளில் அவள் எத்தனையோ முறை கேட்ட சொல் அது.

ஒருநாள் மாலை அண்ணன் தான் வேலை செய்யும் இயந்திரத்தின் படத்தைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பியிருந்தான். தகப்பனார் பார்க்க விரும்பியதனால் அனுப்பியது. இயந்திரத்தின் முகப்பில் மஞ்சள் நிற அறிவித்தலொன்று ஒட்டப்பட்டிருந்தது. அவள் எழுத்துக் கூட்டினாள்: "சொன் ஜோசிம்." கை கவனம் என்பது அதன் கருத்து. அறிந்த சொல்லை எதிர்பாராத இடத்திற் கண்ட அவளுக்கு உள்ளங்கை குளிர்ந்தது. அன்றிரவு அவன் முகந்தோன்றப் பேசியபோது, வலக்கை மட்டுமே தெரிவதை முதன்முறையாகக் கவனித்தாள்.

"அண்ணா, மற்றக் கையைக் காட்டுங்கோ."

சற்று நேரம் அவன் பேசவில்லை. பின்னர் இடக்கையைத் தூக்கினான். இரண்டு விரல்களில் தடித்த கட்டு இருந்தது.

"சின்னக் காயம்தான். அம்மாவுக்குச் சொல்லிப் போடாதை."

அடுத்த சில கிழமைகள் அவள் பாட்டைக் கேட்கவில்லை. வேலைத்தலத்திலே காயமுற்றோருக்கான காப்புறுதி, அந்நாட்டுச் சட்டப்படி வேற்று நாட்டுத் தொழிலாளருக்கும் உரியது. ஆனால், அதற்குரிய பத்திரங்கள் கொரியத்தில் இருந்தன. தேர்வுக்காக உருப்போட்ட மொழி அவனுக்கு அப்பத்திரங்களின் முன் போதவில்லை. அவன் ஒவ்வொரு தாளாகப் படமெடுத்து அனுப்ப, அவள் அகராதியும் கையுமாக இருந்து வரி வரியாகப் பொருள் கண்டு எழுதினாள். தொழிற்காயத்துக்கு அம்மொழியில் 'சன்ஜே' என்று பெயர். எந்த நாடகத்திலும் எந்தப் பாட்டிலும் அவள் கேளாத சொல் அது. முன்னொருநாள் நல்ல சொல் ஒன்றேனும் இல்லையென மூடி வைத்த அவனுடைய பாடநூலிலே தேடியபோது, அச்சொல் அங்கே இருந்தது. அருகில் அவனுடைய பென்சிற் கோடும் இருந்தது.

காப்புறுதிப் பணம் உரிய காலத்திற் கிடைத்தது. விரல்களும் ஆறின, ஒன்று மட்டும் முழுமையாக மடங்குவதில்லை. இந்தச் செய்தி தந்தையாருக்கும் தெரியவந்தது. அதன்பின் குறிப்பேட்டின் பின்னட்டையைப் பற்றி அவர் எதுவும் கூறுவதில்லை. அவள் மீண்டும் நாடகம் பார்க்கிறாள். புதிய கண்ணொளி பெற்ற அப்பாச்சியும் பக்கத்திலிருந்து பார்க்கிறார். தலைவன் கை பற்றும் காட்சி வரும்போது கிழவி சிரிக்கிறார். பேத்தி அக்கையின் விரல்களைப் பார்க்கிறாள்.

அந்நாட்டின்மீது அவள் வைத்த அன்பு குறைந்துவிடவில்லை. காட்சிக்கு வைத்த முகத்தை மட்டும் கண்டு நேசித்தவள், இப்போது உழைக்கும் முகத்தையும் கண்டு நேசிக்கிறாள். சென்னையிலுள்ள அந்த நிலையத்துக்கு இன்னொருமுறை போக வாய்க்குமாயின், அந்த ஆசிரியையிடம் கூற அவளிடம் விடையொன்று இருக்கிறது. பாட்டுக்காகவே தொடங்கினேன், அண்ணனுக்காகத் தொடர்கிறேன் என்பதே அது.