பூந்தமல்லிச் சாலையும் கொரியா யுத்தமும்

சென்னைக்கு மேற்கே 13 மைல் தூரத்தில் இருக்கிறது பூந்தமல்லி. திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஸ்தலம். இங்கிருந்து பூ எடுத்துச் சென்று காஞ்சி வரதனுக்குக் கைங்கரியம் செய்தார் என்று பெரியோர் சொல்வார்கள். சென்ற ஞாயிற்றுக்கிழமை அங்கே சென்ற நாம், பெருமாளைச் சேவித்துவிட்டு, கன்டோன்மென்ட் என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதியைப் பார்க்கப் போனோம்.

கும்பினி நாளில் நோயுற்ற வெள்ளைச் சிப்பாய்களை உடம்பு தேறுவதற்காக இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். வைத்தியம் பட்டாளத்துக்காக, பட்டாளம் யாருக்காக என்பதை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இதே சாலையோடு மேற்கே போய்க்கொண்டிருந்தால் ஆற்காட்டை அடையலாம். அவ்வூரில் பிறந்த டாக்டர் ஏ. ஜி. ரங்கராஜின் நினைவு நமக்கு வந்தது அதனால்தான். 1941-இல் பாரசூட்டில் குதித்த முதல் இந்தியச் சிப்பாய்களுள் அவர் ஒருவர். 1950-இல் கொரியாவில் யுத்தம் மூண்டபோது, விடுதலை பெற்று மூன்றே வருஷமான பாரத தேசம் போரிடும் சேனையை அனுப்பவில்லை; 60-வது பாரசூட் வைத்தியப் படையை அனுப்பிற்று. சுமார் 346 பேர். தலைவர் லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ்.

நவம்பரில் பூசான் துறைமுகத்தில் இறங்கியவர்கள், டிசம்பரில் பியோங்யாங்கிலிருந்து பின்வாங்க நேர்ந்தது. லாரிகள் இல்லை. மருந்தையும் கருவிகளையும் போட்டுவிட்டுப் போக வேண்டிய நிலை. நம்மவர்களோ அநாதையாய் நின்ற பழைய நீராவி எஞ்சின் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு கொதிகலத்தை நிரப்பினார்கள். அதை ஓட்டத் தெரிந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள்! பாலம் தகர்க்கப்படுமுன் ஆஸ்பத்திரிச் சாமான்கள் அக்கரை சேர்ந்தன.

படையின் மற்றொரு பிரிவு தேகு நகரில் தங்கிற்று. வீடுவாசலும் வயலும் இழந்து அகதிகளாய் அந்நகரில் குவிந்திருந்தவர்கள் ஏராளம். கொரியச் சிப்பாய்களுக்கு மட்டுமின்றி, சாதாரண ஜனங்களுக்கும் அப்பிரிவினர் சிகிச்சை செய்தார்கள். சண்டைக்கு அஞ்சியவர்கள் செய்த தொண்டு என்று எவரேனும் இதை எண்ணினால், 1951 மார்ச்சில் மூன்சானில் நடந்ததைக் கேட்கட்டும்: அமெரிக்கப் பாரசூட் சேனையோடு நம்மவர் 12 பேர் ஆகாயத்திலிருந்து போர்க்களத்தில் குதித்து, அங்கேயே காயங்களுக்கு மருந்திட்டார்கள்.

1954-இல் அப்படை தாய்நாடு திரும்பியபோது, அதனிடம் சிகிச்சை பெற்றவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர். ரங்கராஜுக்கு மகாவீர சக்கரம் அளிக்கப்பட்டது. பூசானில், இந்தியா, ஸ்வீடன், டென்மார்க், நார்வே, இத்தாலி ஆகிய ஐந்து தேசத்து வைத்தியப் படைகளுக்கும் சேர்த்து, 1976-இல் கடலோரத்தில் ஒரு ஞாபகச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள்.