ஹெச்.டி.யில் காணாமல் போன இருட்டு

'நாயகன்' படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு எனக்கே கணக்கு இல்லை. அதனால ஹெச்.டி.யில் வந்திருக்குன்னு தெரிஞ்சதும் மெஸ் செலவைக் குறைச்சு, காசு கட்டிப் பார்த்தேன். வெளியிட்டவங்க பேர் வேண்டாம். கடுப்பு மட்டும் இன்னும் போகலை.

1987-ஆம் வருஷத்துக்கான தேசிய விருதுகளில் இந்தப் படத்துக்கு மூணு. கமலுக்கு ஒண்ணு, கலை இயக்கத்துக்காகத் தோட்டா தரணிக்கு ஒண்ணு, ஒளிப்பதிவுக்காக பி.சி.ஸ்ரீராமுக்கு ஒண்ணு. ஸ்ரீராம் பாதி முகத்தை இருட்டில் விட்டிருப்பார். அந்த இருட்டுக்குள்ளேயும் ஒரு சுவரோ, ஒரு கண்ணோ தெரியும். நான் வாங்கின ஹெச்.டி.யில் அது வெறும் கறுப்புத் திட்டு. ஃபிலிமுக்கே உரிய பொடிப்பொடியான கிரெயினை அழுக்குன்னு நினைச்சுத் துடைச்சிருக்காங்க. அதோட முகச் சுருக்கமும் போயிடுச்சு. வயசான வேலு நாயக்கர் மெழுகு பொம்மை மாதிரி நிக்கிறார். பாவம், அந்த மேக்கப்புக்கு எவ்வளவு உழைச்சிருப்பாங்க!

கணக்கு போட்டுப் பாருங்க. பழைய டி.வி.டி.யில் ஒரு ஃப்ரேம் 720 × 576, அதாவது 4,14,720 பிக்சல். ஃபுல் ஹெச்.டி. 1920 × 1080, அதாவது 20,73,600. சரியா அஞ்சு மடங்கு! நெகட்டிவை மறுபடி ஸ்கேன் பண்ணாம பழைய வீடியோவையே இழுத்துப் பெருசாக்கினா, அஞ்சில் நாலு பிக்சல் மென்பொருள் குத்துமதிப்பா போட்டது. இன்டர்போலேஷன் படிச்ச நமக்குத் தெரியும், இல்லாத தகவலை அது உண்டாக்காது.

அதைக்கூடப் பொறுத்துக்கலாம், சத்தத்தை முடியலை. ஃபிலிம் ஓடுறது விநாடிக்கு 24 ஃப்ரேம். நம்ம ஊர் பழைய டி.வி. முறையில் 25. அதுக்காகப் படத்தை வேகமா ஓட்டினா ஒரு மணி நேரத்துக்கு 2 நிமிஷம் 24 விநாடி குறையும், சுருதியும் 4 சதவீதம் ஏறும். 'தென்பாண்டிச் சீமையிலே'யில் இளையராஜா குரல் கீச்சுன்னு கேட்டப்பவே புரிஞ்சுபோச்சு. 5.1-ன்னு பெருசா போட்டிருந்தாங்க. பின்னாடி ஸ்பீக்கரில் வந்தது முன்னாடி வந்ததோட எதிரொலிதான்.

ரசிகனோட நச்சரிப்புன்னு தள்ளிடாதீங்க. முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' (1931), இன்னிக்கு ஒரு பிரதிகூட இல்லை. அசிடேட் ஃபிலிமைச் சரியா வைக்கலைன்னா வினிகர் நாத்தம் அடிச்சு, சுருங்கி வீணாகும். நெகட்டிவ் போயிட்டா, இந்த மெழுகு பொம்மைதான் 'நாயகன்'. ஸ்ரீராம் இப்படித்தான் எடுத்தார்னு நம்ம ஜூனியர்ஸ் நினைச்சுப்பாங்க.

இதையெல்லாம் எழுதி அவங்களுக்கு மெயில் போட்டேன். மூணாவது நாள் பதில் வந்தது: உங்க நெட் ஸ்பீடை செக் பண்ணுங்க.