பெரியப்பாவின் ரயில்

மதுரையிலிருந்து மேற்கே பிரயாணம் செய்கிறவர்களுக்கு ஆண்டிபட்டிக் கணவாய் ஒரு வாசற்படி மாதிரி. உசிலம்பட்டி வரையில் வறண்ட மேடும் வேலிக்காத்தானும் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போயிருக்கும். கணவாயைத் தாண்டியதும் தூரத்தில் மேற்கு மலைத் தொடர் நீலமாக எழுந்து நிற்கும். ஜன்னல் வழியே வரும் காற்றின் குணமே மாறிவிடும். தூங்கி வழிந்துகொண்டிருந்தவர்கள் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தேனி வந்தாச்சா?" என்று பக்கத்து ஆசாமியைக் கேட்பார்கள். தேனி வர இன்னும் அரை மணி நேரமாவது ஆகும் என்பது வேறு விஷயம்.

இந்த வாசற்படியைப் பன்னிரண்டு வருஷ காலம் நான் பஸ்ஸில்தான் தாண்டினேன். எல்லோரும் அப்படித்தான். சாலைக்குப் பக்கத்தில் ரயில் பாதை இருந்தது, ரயில்தான் இல்லை.

தேனியில் என் பெரியப்பா இருக்கிறார். அவருக்கு உத்தியோகம் என்று ஒன்று இருந்து, ஓய்வும் பெற்றாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் தாமாகவே ஏற்றுக்கொண்ட உத்தியோகம், மதுரை - போடி அகல ரயில் பாதை வேலையை மேற்பார்வையிடுவது. சம்பளம் கிடையாது. ரயில்வேக்காரர்களுக்கு இப்படி ஒரு மேற்பார்வையாளர் இருப்பது தெரியவும் தெரியாது. ஆனாலும் தினம் சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார். இரவு எனக்கு டெலிபோன் வரும்.

"ஏப்பா, ஜல்லி கொட்டிட்டாங்க!"

மற்றவர்கள் வீட்டில் பேரன் பிறந்த செய்தியைச் சொல்லும் குரலில் இதைச் சொல்லுவார். பின்னாலிருந்து பெரியம்மாவின் குரலும் கேட்கும்: "கம்பத்துக்கு எப்போ கொட்டுறாகளாம், அதைக் கேளுங்க!"

பெரியம்மா கம்பத்தில் பிறந்தவள். இந்தக் கட்டுரையில் பாதி அவளுடைய கேள்விதான். அதற்குப் பிறகு வருவோம்.

பெரியப்பாவின் ரயில் பைத்தியத்துக்குக் காரணம் உண்டு. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது 1928-ல். இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1942-ல், அதை நிறுத்தித் தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். வந்த ரயில் பதினான்கு வருஷத்தில் போயிற்று! யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது, ரயில் மட்டும் வரவில்லை. 1950-களில்தான் மறுபடியும் பாதை போட்டார்கள். அப்போது பெரியப்பா அரை நிஜார் போட்ட பையன். அவருடைய அப்பாவின் தோளில் உட்கார்ந்து, திரும்பி வந்த ரயிலைப் பார்த்தாராம்.

"ஒரு தடவை போன ரயில் திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். இந்தத் தடவையும் வரும்" என்பார். இதற்கு எதிர்வாதம் செய்ய யாரால் முடியும்?

போடிக்கு ரயில் வேண்டியிருந்ததன் காரணத்தை, போடிக் கடைத்தெருவில் நடந்தால் மூக்கே சொல்லிவிடும். ஏலக்காய் மணம்! மேலே மலையில் விளைவதெல்லாம் இறங்கி வந்து விலை பேசப்படும் ஊர் அது. தேயிலையின் கதை இன்னும் சுவாரசியம். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் என்ற மலை விளிம்பு வரையில் ஒரு காலத்தில் குட்டி ரயிலே ஓடியிருக்கிறது. 1902-ல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுத்த வண்டியாகத் தொடங்கி, 1908-ல் நீராவி இஞ்சின் இழுத்த ரயிலாயிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து வண்டியில் போடிக்கு வரும். 1924-ம் வருஷத்துப் பெருவெள்ளத்தில் அந்த மலை ரயில் அடியோடு போயிற்று. நான்கு வருஷம் கழித்துக் கீழே போடிக்கு ரயில் வந்தது. மேலே ரயில் இருந்தபோது கீழே இல்லை. கீழே வந்தபோது மேலே இல்லை. இந்தப் பக்கத்து ஜனங்களுக்கும் ரயிலுக்கும் ஜாதகப் பொருத்தம் அப்படி!

2010-ம் வருஷ முடிவோடு, பாதையை அகலமாக்குவதற்காக மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். சீக்கிரத்தில் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பழைய தண்டவாளம் போன இடத்தில் புல் முளைத்தது. ஆடுகள் மேய்ந்தன. பிளாட்பாரத்தில் பையன்கள் கிரிக்கெட் விளையாடினார்கள். அந்தப் பையன்களில் சிலருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது என்று பெரியப்பா கணக்குச் சொல்லுவார்.

"மீட்டர் கேஜ் என்றால் ஒரு மீட்டர். அகலப் பாதை 1.676 மீட்டர். வித்தியாசம் இரண்டே கால் அடி கூட இல்லையே! இதற்கா இத்தனை வருஷம்?" என்று நான் ஒரு தடவை கேட்டுவிட்டேன். மறுநாள் காலையிலேயே என்னை ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அங்கே பார்த்த பிறகுதான் வாயை மூடிக்கொண்டேன். பழைய ரயில் மலையைக் குடைந்து போகவில்லை. பாறையைப் பிளந்த ஒரு சந்து வழியாகப் போயிற்று. ஒல்லியான ரயிலுக்கு ஒல்லியான சந்து. பெரிய ரயிலுக்கு அது போதுமா? இரண்டு பக்கமும் பாறையை வெட்டி அகலப்படுத்த வேண்டும். அதுவும் தவிர, கனமான வண்டி வேகமாகப் போக வேண்டுமானால் வளைவுகளை நிமிர்த்த வேண்டும். ஏற்றத்தைச் சமப்படுத்த வேண்டும். ஓடைக்கு ஓடை இருந்த பழைய பாலங்களை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். பிளாட்பாரத்தை உயர்த்த வேண்டும். பெயர் என்னவோ 'பாதை மாற்றம்'. உண்மையில் பழைய பாதையின் தடத்தில் புதுப் பாதையே போடுகிற வேலை! இவ்வளவுக்கும் பணம் வருஷா வருஷம் பட்ஜெட்டில் வந்தாக வேண்டும். சில வருஷங்களில் அது கிள்ளித்தான் கொடுக்கப்பட்டது.

பாறை வெட்டிய இடத்தில் அன்று வெயில் சுட்டுப் பொசுக்கியது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தொழிலாளர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பெரியப்பா ஒரு மரத்தடியில் குடையை ஊன்றி நின்றுகொண்டு, சேனாதிபதி படையைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு ஒருவரைக் கூப்பிட்டு, "எந்த ஊரு?" என்று விசாரித்தார். அந்த மனிதர் வட இந்தியர், தமிழ் தெரியவில்லை. பெரியப்பாவுக்கு ஹிந்தி தெரியாது. ஆனாலும் இருவரும் சிரித்தார்கள். கொண்டு போயிருந்த சீனிச்சேவுப் பொட்டலம் கை மாறியது.

அதன் பிறகு செய்திகள் வேகமாக வரத் தொடங்கின. 2020 ஜனவரியில் மதுரையிலிருந்து உசிலம்பட்டி வரை 37 கிலோமீட்டருக்குச் சோதனை ஓட்டம். அதே வருஷம் டிசம்பரில் ஆண்டிபட்டி வரை இன்னும் 21 கிலோமீட்டர். நடுவில் கொரோனா வந்து உலகத்தையே நிறுத்தியதே, அந்த வருஷந்தான்! 2022 மார்ச்சில் தேனி வரை 17 கிலோமீட்டர். சோதனை இஞ்சின் தேனிக்கு வந்த அன்று, தண்டவாளத்தின் பக்கம் போக வேண்டாம் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். ஜனங்கள் எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டு, தள்ளி நின்று, கைப்பேசியில் படம் எடுத்தார்கள். அன்றிரவு டெலிபோனில் பெரியப்பா அதிகம் பேசவில்லை. "வந்திருச்சுப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

2022 மே 26-ந் தேதி பிரதம மந்திரி சென்னையில் அந்தப் பாதையைத் தேசத்துக்கு அர்ப்பணித்தார். மதுரையிலிருந்து தேனி 75 கிலோமீட்டர். செலவு 500 கோடி ரூபாய்க்கு மேல். மறுநாளிலிருந்து ரயில் ஓடியது. டிக்கெட் 45 ரூபாய். "பஸ்ஸுக்கு இதைவிட ஜாஸ்தி!" என்று பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பெரியம்மாதான் முதல் ஓட்டையைக் கண்டுபிடித்தாள். அவளுக்குக் கண் பரிசோதனைக்காக மதுரைக்குப் போக வேண்டியிருந்தது.

"காலையில் எத்தனை மணிக்கு ரயில்?"

"காலையில் மதுரையில் புறப்பட்டு இங்கே வருது."

"நான் அங்கே போகணும். அதுக்கு எப்போ?"

"சாயங்காலம்."

"சாயங்காலம் போயி டாக்டரு வீட்டுத் திண்ணையில படுத்துக்கிடவா?"

அவள் கேட்டதில் பிசகில்லை. ஆரம்பித்தபோது இருந்தது ஒரே வண்டி. காலையில் மதுரையிலிருந்து தேனிக்கு வரும். மாலையில் தேனியிலிருந்து மதுரைக்குத் திரும்பும். மதுரைக்காரர் தேனிக்கு வந்து அன்றே வீடு திரும்பலாம். தேனிக்காரர் ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் கோர்ட்டுக்கும் மதுரைக்குப் போக வேண்டுமானால் வழக்கம் போல் பஸ்தான். காலையில் தேனியிலிருந்து ஒரு வண்டி வேண்டும் என்று அப்போதே பலரும் கேட்கத் தொடங்கினார்கள். பெரியம்மா பஸ்ஸில் போனாள். பெரியப்பாவும் கூடப் போனார். வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

பாக்கி இருந்தது தேனியிலிருந்து போடி வரை 15 கிலோமீட்டர். 2022 டிசம்பரில் அங்கேயும் சோதனை இஞ்சின் ஓடியது. 2023 ஜூன் 15-ந் தேதி, மதுரை - தேனி ரயில் போடி வரைக்கும் நீண்டது. அதே நாளில் போடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு வாரம் மூன்று நாள் எக்ஸ்பிரஸும் தொடங்கிற்று. மதுரை, திண்டுக்கல், கரூர், சேலம், காட்பாடி என்று சுற்றிக்கொண்டு போகும் வண்டி அது. ஏலக்காய் வியாபாரிகள் பட்டணத்துக்குப் படுத்துக்கொண்டே போகலாம்!

அடுத்த மாதம் நானும் சென்னையிலிருந்து அதில்தான் போனேன். தேனி பிளாட்பாரத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும் மூட்டையும் முடிச்சுமாக நின்றார்கள். போடி வரைக்கும் என்னோடு வருவதாக ஏற்பாடு. எழுபத்தேழு வயசு மனிதர், படியில் கால் வைக்கும்போது என் கையைத் தட்டிவிட்டுத் தாமாகவே ஏறினார். வண்டி நகர்ந்தது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. எதிரே, ரயில் போய் முட்டிவிடுமோ என்று தோன்றும்படி மலை. மேகம் பாதி மலையில் வேட்டி மாதிரி சுற்றிக் கிடந்தது. பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. நான் கேமராவைத் தயார் செய்வதற்குள் போடி வந்துவிட்டது. பதினைந்து கிலோமீட்டர்தானே!

"இம்புட்டுத்தானா?" என்றாள் பெரியம்மா.

போடியோடு பாதை முடிகிறது. அதற்கப்பால் மலை. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கு என்று உலகம் சொல்வது இந்தத் திசையில் இல்லையே! தேனியிலிருந்து தென்மேற்காக, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் என்று போகிறது அது. 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் மலையைத் துளைத்து வந்து இறங்குவது அங்கேதான். இரண்டு போகம் நெல்லும், வாழையும், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையும் விளைவது அங்கேதான். குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகும் பக்தர்கள் கார்த்திகையிலும் மார்கழியிலும் சாலையை நிறைப்பதும் அங்கேதான். ரயிலோ தேனியில் வலது பக்கம் திரும்பிப் போடிக்குப் போய்விடுகிறது. திண்டுக்கல்லிலிருந்து குமுளிக்குப் பாதை வேண்டும் என்று எத்தனையோ வருஷமாகக் கேட்கிறார்கள். அளவெடுத்தும் இருக்கிறார்கள். தண்டவாளம் என்று ஒன்று கம்பத்துக்காரர் கண்ணில் இன்னும் படவில்லை.

திராட்சை காத்திருக்கிற பழமா? பறித்த அன்றே வண்டி ஏற வேண்டும். லாரி கிடைத்தால் விலை; கிடைக்காவிட்டால் வந்த விலை. பெரியம்மாவின் அண்ணன் வீட்டுக்கு ஒரு திராட்சைப் பந்தல் இருந்தது. இந்தக் கணக்கெல்லாம் அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும்.

போடியில் காப்பி சாப்பிட்டுவிட்டு, தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை வழியாகக் கம்பத்துக்கு பஸ் ஏறினோம். இப்போது ஜன்னலோரம் பெரியம்மாவின் முறை. உத்தமபாளையம் தாண்டியதும் திராட்சைப் பந்தல்கள் தொடங்கின. பச்சைக் கூரை போட்ட மாதிரி. பெரியப்பா கழுத்தை நீட்டி நீட்டி வெளியே பார்த்தார். சமதரையாக இருக்கிறதா, ஓடை எத்தனை என்று விரலால் எண்ணிக்கொண்டே வந்தார்.

"என்ன எண்ணுறீக?" என்றாள் பெரியம்மா.

"பாலம். இதுவரைக்கும் ஆறு போடணும்."

பெரியம்மா பதில் சொல்லவில்லை. மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, சுண்ணாம்பு தடவி, அவர் கையில் கொடுத்தாள்.